கிளி டப்பாவும் செய்தித்தாளும்

மூடியில் பச்சைக்கிளி வரைந்த பழைய பிஸ்கட் டப்பா, அதை ஆசையாகக் கேட்டவர் வீட்டுக்குப் பார்சலில் கிளம்பியது. மூடியை ஒட்ட டேப் கைநீட்டியபோது, செய்தித்தாள் குறுக்கே புகுந்து டப்பாவைச் சுற்றிக்கொண்டது.

"நகருங்கக்கா! டேப் என்னைக் கட்டிப்பிடிச்சா உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று டப்பா சண்டைக்கு நின்றது.

"பிடிக்கட்டும். என் மேலே பிடிக்கட்டும்," என்றது தாள்.

வழியெல்லாம் டப்பா அதோடு பேசவேயில்லை.

போய்ச் சேர்ந்த வீட்டில் டேப்பை உரித்தார்கள். "உன்னை விடவே மாட்டேன்!" என்று கத்தியபடி, அது தாளின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு போனது. கிளியின் சாயம் துளிகூட உரியவில்லை.

டப்பா தாளைத் திரும்பிப் பார்த்தது. "அக்கா, உங்க எழுத்தெல்லாம் போச்சே!"

"விடுடி, எல்லாம் போன வருஷத்துச் செய்திதானே."

தாளைக் குப்பையில் போட ஒரு கை வந்தது. டப்பா சட்டென்று மூடியைத் திறந்தது.

"உள்ளே வாங்கக்கா. இனிமே இது உங்க வீடு."