வாரேன் என்ற சொல்

போரில் உடல் கிடைக்காமல் போன விமானிகளுக்குக் கல்லறை கிடையாது, சுவர் உண்டு. அதில் பெயரைத் தொட்டால் அவரவர் குரலில் பேசும். சுவரைப் பராமரிப்பது என் வேலை.

செலஸ்டினா நேராக என்னிடம் வந்தாள். அவள் கணவன் ஜெரோமின் விமானம் கடலில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன.

"பேசி முடிக்கும்போது 'அம்மா, போயிட்டு வாரேன்'ங்காரு. அதக் கேட்டுட்டு எங்க அத்தை அவருக்குப் பூசை வைக்க விடமாட்டேங்காவ. ஒரு சிலுவை நட விடல. வாரேன்னவன் வருவாம்ங்காவ. அத 'போறேன்'னு மாத்துங்க."

"அவர் உயிரோடு பேசின சொல்லைத்தான் சுவர் பேசும். 'போறேன்'னு அவர் ஒருநாளும் சொன்னதில்ல."

"யாருதான் சொல்லுவா? சாவப் போறவனும் வாரேன்னு சொல்லிட்டுத்தான் போறான். மாத்த முடியலன்னா வெட்டி விடுங்க."

வெட்டச் சொல்ல மனைவிக்கு உரிமை உண்டு. வெட்டினேன்.

மாலையில் மாமியாரைக் கூட்டி வந்தாள். கிழவி பெயரைத் தொட்டாள்.

"அம்மா, போயிட்டு..."

குரல் அங்கேயே நின்றது. கிழவி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"உன் வேலையாடீ இது?"

"ஆமா, அத்தை." செலஸ்டினா தலை குனியவில்லை.

கிழவி மறுபடியும் தொட்டாள். குரல் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வழக்கம்போல் அவளும் பதில் சொன்னாள்.

"போயிட்டு..."

'வா' என்பது வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

"போ, ராசா" என்றாள்.