பேசாத நாற்காலி

"சலூன்ல பேசக் கூடாதாம்! இது என்னா, ஆஸ்பத்திரியா?"

பலராமன் கத்தரிக்கோலை மேசைமேல் போட்டார். முதலியார்பேட்டையில் முப்பது வருஷமாக சலூன் நடத்துகிறவர். ஒரு தலையை வெட்டி முடிப்பதற்குள் ஒரு கூட்டணியை உடைத்து, இன்னொன்றைச் சேர்த்து வைத்துவிடுவார்.

எதிர்க்கடை புருஷோத்தமன் மாட்டியிருந்த போர்டுதான் அவரை இப்படி ஆட்டிவைத்தது.

'பேசாத நாற்காலி. நிம்மதியாக உட்காருங்கள். எதுவும் கேட்க மாட்டோம். இருபது ரூபாய் கூடுதல்.'

"பேச்சு குடுத்தாதான் கஸ்டமர் நிப்பான். தொழில்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்ல? ஒரே மாசம். கடையை மூடிட்டு நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல டிக்கெட் கிழிக்கப் போறான், பாருங்க!"

நாற்காலியில் இருந்தவர் ஆமாம் ஆமாம் என்றார். பாதித் தலையோடு வேறென்ன சொல்வார்?

மாசம் போயிற்று. கடை மூடவில்லை. வாசலில் வரிசை நின்றது. அதில் பாதிப் பேர் பலராமனின் கஸ்டமர்கள். அவர் கண்ணில் படாமலிருக்க ஹெல்மெட்டோடு நின்றார்கள்.

ஆட்டோ ஓட்டும் அம்மாவாசையை ஒருநாள் வழிமறித்தார்.

"ஏம்ப்பா, என்கிட்ட என்னா குறை?"

"குறையே இல்லண்ணா. என் மச்சினிச்சிக்கு வரன் அமைஞ்சுதான்னு இன்னும் கேட்டுட்டு இருக்கீங்க. அவளுக்கு ரெண்டு புள்ள ஆயிடுச்சி. அங்க போனா கொஞ்ச நேரம் தூங்குறேன், அவ்ளோதான்."

அன்று மதியமே பலராமன் கடையைச் சாத்திவிட்டு வேவு பார்க்கப் போனார்.

"வாங்கண்ணா, உக்காருங்க. நெல்சா, அண்ணனைக் கவனி" என்று சொல்லிவிட்டுப் புருஷோத்தமன் டீ குடிக்கக் கிளம்பினான்.

நெல்சனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். துண்டைப் போர்த்தி வேலையை ஆரம்பித்தான்.

பலராமனுக்கு நாக்கு நமைத்தது. "மழை வரும்போல இருக்கே?"

நெல்சன் சிரித்தான்.

"உங்க ஓனர் எப்படி? தங்கமா, தகரமா?"

அதற்கும் சிரிப்புதான்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் பலராமன் குறட்டை விட்டார். விழித்துக் கண்ணாடியைப் பார்த்தார். அவர் கையே அப்படி வெட்டியதில்லை.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "தம்பி, என் கடைக்கு வந்துடு. இங்க வாங்குறதுக்கு மேல தரேன்."

சிரிப்பு.

"ஏசி போடறேன்."

சிரிப்பு.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிச்சி, சாப்டுட்டு, மெதுவா பதினோரு மணிக்கு வந்தாப் போதும்."

அதே சிரிப்பு.

"யப்பா, இவ்ளோ அழுத்தமா பேரம் பேசுறவனை நான் பார்த்ததே இல்ல! சரி, கடையில பாதிப் பங்கு!"

நெல்சன் கத்தரிக்கோலை வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து எதையோ தட்டி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

'மன்னிச்சிடுங்கண்ணா. எனக்குப் பேச வராது. மூணு மாசம் முன்னாடி வேலை கேட்டு, சீட்டு எழுதிக்கிட்டு முதல்ல உங்க கடைக்குத்தான் வந்தேன். பேச வராதவனுக்கு சலூன்ல என்னா வேலைன்னு, நிமிர்ந்துகூடப் பார்க்காம அனுப்பிட்டீங்க.'

பலராமன் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, விரலால் தள்ளி அடுத்த வரியைக் காட்டினான்.

'புருஷோத்தமன் அண்ணன்தான், எனக்கு வேலை குடுக்கணும்னே இந்த நாற்காலியைப் போட்டாரு.'