வேலிக்கம்பத்துக் கையுறை

காட்டுப் பூங்காவில் யாராவது கையுறையைத் தவறவிட்டால், பின்னால் வருபவர் எடுத்து வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டுப் போவார். தேடி வருபவர் கண்ணில் படும். ஆனால், வெட்டிய மரங்கள் துளிர்க்கட்டுமென்று மான் புகாமல் வேலியடித்துப் பூட்டிய தோப்புக்குள் யாரும் போவதில்லை. சாவி காவலர் மொய்ராவிடம்தான்.

பதினேழு வருடமாக, ஒவ்வொரு நவம்பரின் முதல் திங்கட்கிழமையன்றும், அங்கே உட்புறக் கம்பத்தில் புதிதாக ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை இருக்கிறது. கட்டைவிரலில் நீல நூல் தையல். முதலில் வந்தது கைக்குழந்தையுடையது. வருடாவருடம் ஒரு சுற்றுப் பெரிதாகும். எல்லாவற்றையும் மொய்ரா வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறாள், யாருக்கென்று தெரியாமலே.

இந்தத் திங்களன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன மொய்ரா, உன் கையுறைப் புள்ள வந்துட்டுப் போயிட்டானா?" ரம்பத்தோடு பின்னால் வந்த மரம்வெட்டி கிளைவ் சீண்டினான்.

"வாயை மூடிட்டு வா. பூட்டைத் திறக்கணும்."

கையுறை இருந்தது. சட்டைப்பையிலிருந்த போன வருடத்துக் கையுறையோடு ஒட்டிப் பார்த்தாள். விரலுக்கு விரல் ஒரே அளவு.

"அவ்வளவுதான். வளர்ந்து ஆளாயிட்டான், விடு," என்றான் கிளைவ்.

மொய்ரா அடுத்த கம்பத்தைக் கைகாட்டினாள். அதில், அதே சிவப்பில், கட்டைவிரலில் நீலத் தையலோடு, ஒரு கைக்குழந்தையின் கையுறை மாட்டியிருந்தது.