பதினேழாம் மாடம்

"உட்காரும்மா, பயப்படாத. உன்னைவிடக் கனமான மூட்டையெல்லாம் தாங்குன தட்டு இது," என்றார் எடைக்காரர்.

அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தராசுத் தட்டில் உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் இரும்புக் கற்கள் ஏறின. இருபது, இன்னொரு இருபது, ஐந்து, இரண்டு, ஒன்று. கடைசியாக ஓர் அரைக்கிலோ.

முள் நடுவில் நின்றது.

துறைமுகத் தெருவின் அந்தப் பழைய கிடங்கைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் இதுதான் வழக்கம். ஒருகாலத்தில் மிளகு மூட்டை தூக்கியவர்களை உள்ளே விடும்போதும் வெளியே விடும்போதும் இப்படி நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிடி மிளகுகூட மடியில் போய்விடக் கூடாதாம். மிளகு எப்போதோ போய்விட்டது. தராசு போகவில்லை.

அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என் எடையை ஊருக்கே தண்டோரா போடணுமாக்கும். நீ போய்ப் பாருடி."

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அறுபத்திரண்டு நாளைக்கு முன்னால் அண்ணன் இந்தக் கிடங்குக்குள் போனான். திரும்பவில்லை. அன்று மாலை அண்ணியின் போனுக்கு ஒரே ஒரு வரி வந்தது: ‘உள்ள எதையோ விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்.’ அதன் பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது. போலீஸ்காரர்கள் இரண்டு முறை சல்லடை போட்டுத் தேடிவிட்டுப் போனார்கள்.

எடைக்காரர் அவளுடைய கற்களை எடுத்துச் சுவரிலிருந்த ஒரு மாடத்தில் அடுக்கினார். முப்பத்திரண்டு என்று பொறித்த வில்லையை அவளிடம் நீட்டினார்.

"வரும்போதும் இதே கல்லுக்குச் சமமா நிக்கணும். நின்னாதான் வெளிய."

உள்ளே ஒரே ஒரு கூடம். தூண் இல்லை, அறை இல்லை, இன்னொரு கதவு இல்லை. கூரையை ஒட்டிக் கம்பி போட்ட ஜன்னல்கள். அவற்றின் வழியே மதிய வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் கிடந்தது. ஒளிய ஒரு மூலைகூட இல்லை.

அவள் தொண்ணூற்றாறு அடி நடந்து கோடிச் சுவரைத் தொட்டாள். "அண்ணா," என்று கூப்பிட்டாள். யாருமில்லாத இடத்திலும் உரக்கக் கூப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மிளகே இல்லாத காற்றில் மிளகு நெடி. ஒரு தும்மல் வந்தது.

அதன் எதிரொலி வரக் கொஞ்சம் தாமதமானது.

அவள் ஓடவில்லை. வேகமாகத் தராசை நோக்கி நடந்தாள்.

எடைக்காரர் அவளுடைய கற்களை எடுக்கத் திரும்பியபோதுதான் கவனித்தாள். மற்ற மாடங்களெல்லாம் காலி. பதினேழில் மட்டும் கற்கள் இருந்தன.

"அது யாரோடது?"

"பதினேழா? கண்ணாடி போட்ட தம்பி."

அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இவரேதான். வந்தப்ப மூணு இருபது, ஒரு பத்து, ஒரு ரெண்டு. இப்பப் பாரும்மா, ரெண்டு இருபதும் ஒரு ஒண்ணும்தான். ரொம்ப இளைச்சுட்டாரு."

"எப்பப் பார்த்தீங்க?"

"நேத்துகூட வந்தாரே. தட்டுல உட்கார்ந்தாரு. அரைக்கிலோ குறைஞ்சுது. உள்ள எதையோ விட்டுட்டேன், தேடி எடுத்துட்டு வர்றேன்னு திரும்பிப் போயிட்டாரு. தினமும் இதே கதைதான்."

"போலீஸ்ல ஏன் சொல்லல?"

"வெளிய வந்தாரான்னுதான் கேட்டாங்க. கல்லு சமமாகாம, வந்தாருன்னு எப்படிம்மா சொல்றது?"

எழுபத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்று. முப்பத்தொரு கிலோ. நாளுக்கு அரைக்கிலோ என்றால் அறுபத்திரண்டு நாள். கேட்காமலே அவள் மனம் கணக்கைப் போட்டு முடித்தது. மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் தராசோடு பழகிய மனம்.

"நீ ஏறும்மா," என்றார் எடைக்காரர்.

அவள் ஏறினாள். கால் தரையைவிட்டு எழும்பியது. தட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

எடைக்காரர் எதிர்த்தட்டிலிருந்து அரைக்கிலோவை எடுத்தார். முள் நடுவில் நின்றது.

வியர்வையாக இருக்காது. கால் மணி நேரத்தில் வியர்வையில் போவதெல்லாம் கிராம் கணக்கு. கைப்பையைத் திறந்து பார்த்தாள். போன், பர்ஸ், சாவி, தண்ணீர் பாட்டில். பாட்டில் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை. கடிகாரம் கையில் இருந்தது. தோடு இரண்டும் காதில் இருந்தன.

எல்லாம் இருந்தன. மறுபடி ஒருமுறை எண்ணினாள். அப்போதும் எல்லாம் இருந்தன.

எடைக்காரர் அந்த அரைக்கிலோவைத் துணியால் துடைத்து ஓரமாக வைத்தார். மீதிக் கற்களை முப்பத்திரண்டாம் மாடத்தில் அடுக்கத் தொடங்கினார்.

வாசலிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்னடி, ஏதாவது தெரிஞ்சுதா? கிளம்பலாமா?"

அவள் தட்டிலிருந்து இறங்கினாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி," என்றாள். "உள்ள எதையோ விட்டுட்டேன்."