நோயே இல்லாத ஊர்

எய்ட்ஸ் பரிசோதனை மையத்தின் பொறுப்பாளருக்கு வெண்கலக் குரல். பரிசோதனைக்கு வந்த தையல்காரரிடம் வாசல்வரை கேட்கும்படி விசாரித்தார்.

"ஆம்பளைங்களோடயா பழக்கம்? வெக்கமா இல்ல?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் ரத்தம் கொடுக்காமலே ஓடிப்போனார். பின்னாலேயே இன்னும் சிலர் நழுவினார்கள்.

"பாவம் சார், ரொம்ப நாளா காய்ச்சல்னு சொன்னாரே!" என்றாள் நர்ஸ்.

"அதுங்களை உள்ள விடாததாலதான்மா நம்ம ஊர்ல நோயே இல்ல. மேலிடத்துல பாராட்டே வந்திருக்கு!"

அவர் குரலுக்குப் பயந்து கிருமியும் ஊரைக் காலி செய்துவிட்டது போலும்.

மறுநாள் லீவு போட்டார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வெளியூர்ப் பரிசோதனை மையத்துக்குப் போனார். பெஞ்சு நிறைய அவர் ஊர் முகங்கள். நடுவில் தையல்காரர்.

"என்ன சார், இங்கயும் விசாரணையா?"

"இல்லப்பா... டெஸ்டுக்கு வந்தேன். எனக்குத்தான்."

"உங்க மையத்துலயே பாத்திருக்கலாமே?"

"அங்க... எல்லாருக்கும் கேட்டுடுமே."

தையல்காரர் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்க சார். இங்க மெதுவாத்தான் பேசுவாங்க."