பன்னுக்குப் பக்கத்தில் பூனை

பேக்கரிக்குப் பின்னால் இருந்த புங்க மரத்தில் கோதை என்ற அணில் தன் குட்டி வரியனோடு வசித்துவந்தாள். தூரத்துக் கொய்யா மரம்வரை போய்வர அலுப்புப்பட்டு, பேக்கரியில் கழித்துப் போடும் கிரீம் பன் துண்டுகளை அவனுக்குப் பழக்கிவிட்டவள் அவளேதான். இப்போது கொய்யாவைக் கொடுத்தால் வரியன் துப்பிவிடுகிறான். பன் தின்றதும் கண் சொருகித் தூங்குகிறான். விழித்ததும் மறுபடி பன் கேட்டு, கிடைக்காவிட்டால் கடிக்கிறான். மற்றக் குட்டிகள் கிளைக்குக் கிளை தாவும்போது இவன் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறான்.

அன்று மரத்தடியில் ஒரு முழு பன் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று படுத்திருந்தது.

"பன்னைத் தின்னாமல் எதற்குக் காவல் இருக்கிறாய்?" என்று கோதை மேலிருந்தே கேட்டாள்.

"எனக்கு அது பிடிக்காது அக்கா," என்றது பூனை. "உன் பிள்ளைக்குப் பிடிக்குமே."

"அம்மா, ஒரே ஓட்டமா ஓடி எடுத்துட்டு வந்துடறேன்," என்றான் வரியன்.

"உன்னால ஓட முடியாதுடா."

அவன் கேட்கவில்லை. தண்டில் இறங்கத் தொடங்கினான். கோதை பாய்ந்து அவன் வாலைக் கவ்விக்கொண்டாள். வரியன் ஆத்திரத்தில் திரும்பி அவள் காதைக் கடித்தான். ரத்தம் வழிந்தது. அப்போதும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

கீழே பூனை சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

"எனக்கு அவசரமில்லை அக்கா. நீயும் எப்போதாவது தூங்கத்தானே வேண்டும்?"