மூன்று விசில்

குக்கர் இருபது நிமிடமாக மௌனவிரதம் இருக்கிறது. உள்ளே எங்கள் மூவருக்குமான இரவுச் சாப்பாடு, அரிசியும் பருப்பும். காய்ச்சல் விட்ட நாளில் அம்மா குழையக் குழைய வைத்துத் தருவதை, தேர்வு முடிந்த எங்களுக்காகக் குண்டன் சமைக்கிறான். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் குக்கர் மூடிமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அடியில் நீலத் தீ சீறுகிறது.

“மூடியில ஒரு ஓட்டை வழியா ஆவி போய்க்கிட்டே இருந்துச்சு. போல்ட் வச்சு முறுக்கிட்டேன். இப்ப பாரு, சுத்தமா நின்னுடுச்சு” என்கிறான் இன்ஜினியர். ஐந்து அரியர் வைத்திருப்பதற்காக நாங்கள் கொடுத்த பட்டம் அது.

“டேய், அது சேஃப்டி வால்வுடா!”

விசில் வர வேண்டிய துளையையோ பருப்பு நுரை அடைத்துக் காய்ந்து கிடக்கிறது. குக்கரின் கைப்பிடி மெல்ல நடுங்குகிறது. மேடையில் கரண்டிகள் தாமாகவே நகர்கின்றன. எங்கள் நட்பு சமையலறை வாசற்படி வரை வந்து நின்றுவிடுகிறது.

“குண்டா, அடுப்ப அணைச்சிட்டு வெளிய வாடா!”

“மூணு விசில் வந்தப்புறம்தான் அணைக்கணும்னு அம்மா சொல்லிருக்காங்க. இன்னும் ஒண்ணுகூட வரலையே” என்று அவன் தீயைக் கூட்டுகிறான். பிறகு குனிந்து, மூடியருகே காதைக் கொண்டுபோகிறான். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவுகிறது.

“கத்தாதீங்கடா. உள்ள ஏதோ முனகுது. இதோ, வந்துடும்.”